முருகன் இருக்கும்போது கூட்டம் எதற்கு?

 

தைப்பூசத்துக்கு மாலை போட்டால் 48 நாள் ஒரு சொட்டு தொடமாட்டேன். நாலு வருஷம் அப்படித்தான். பழனி வரை நடந்து, தரிசனம் முடித்து, வீட்டுக்கு வந்து அம்மா கையால் மாலையைக் கழற்றுவேன். அன்று இரவே பாட்டிலைத் திறப்பேன். அதையே எனக்குச் சாட்சியாகவும் வைத்திருந்தேன். "48 நாள் நிறுத்த முடியுதே, அப்ப நான் எப்படிக் குடிநோயாளி?" மீதி 317 நாளை அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

நடுவில் சத்தியமும் செய்திருக்கிறேன். வேலைத் தொட்டு, "இனி வாழ்நாளில் இல்லை முருகா" என்று. பதினோரு நாள் நின்றது. அதற்கப்புறம் பூஜை அறைப் பக்கம் போகவே கூச்சம். கூச்சத்தை மறக்க மறுபடி குடி. என்னை முருகனிடமிருந்து தள்ளிவைத்தது குடி மட்டுமில்லை, உடைந்த சத்தியமும்தான்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போகலாமா என்று எங்கள் பாதயாத்திரைக் குழுவில் மூத்தவரிடம் கேட்டேன். "அப்பன் முருகன் இருக்கான், அவனை விட்டுட்டு நாலு குடிகாரங்ககிட்ட போய் என்னப்பா கேக்கப் போற?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வி எனக்குள்ளேயும் இருந்தது. முருகனிடம் சொல்லித் தீராததை முன்பின் தெரியாதவர்களிடம் சொல்வது அவனை நம்பாததுதானே?

ஆனாலும் ஒரு ராத்திரி இணையத்தில் தேடி, அவர்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தவரே குடியிலிருந்து மீண்டவர். முழுப் பெயர் கேட்கவில்லை. பக்கத்தில் எங்கே, எந்த நாள் என்று மட்டும் சொன்னார். இடம் ஒரு சர்ச் வளாகத்து வகுப்பறை. வாசலை இரண்டு தடவை பைக்கில் கடந்து போனேன். மூன்றாவது தடவை நிறுத்தி, கண்ணாடியில் பார்த்து நெற்றி விபூதியைத் துடைத்தேன். யாராவது பார்த்தால் முருக பக்தர்களுக்கே கெட்ட பேராம்! உள்ளே போனால், முதல் பெஞ்சில் நெற்றி நிறைய விபூதியோடு ஒரு பெரியவர்.

சேர ஒரே தகுதி, குடியை நிறுத்தணும் என்ற விருப்பம். கட்டணம் கிடையாது. ஒரு பை சுற்றி வரும், முடிந்தவர் போடலாம். கடவுள் என்று வரும் இடத்தில் அவரவர் அறிந்த கடவுள்தான், அதனால் நான் வேலனை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. திறந்த கூட்டம் என்றால் வீட்டாரும் வரலாம். மூடிய கூட்டம் குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனியாக இருக்கிறது. ஒன்று முக்கியம்: குடிக்காவிட்டால் கை நடுங்கும் அளவுக்குப் போனவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. அவர்கள் முதலில் டாக்டரைப் பார்க்கணும்.

அந்தப் பெரியவர் என்னிடம் சொன்னது, "தம்பி, வாழ்நாளுக்கெல்லாம் சத்தியம் பண்ணாதீங்க. இன்னிக்குப் படுக்கிற வரைக்கும் பாருங்க."

மூத்தவரின் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது திருமுருகாற்றுப்படையில். அதுவும் 317 அடி! தற்செயல்தான், ஆனால் கோடு எழுதுகிறவன் கண்ணில் எண்கள் மாட்டிக்கொள்ளும். நக்கீரர் கதை நமக்குத் தெரியும். வழிபாட்டில் வழுவியவர்கள் 999 பேரைப் பூதம் குகையில் அடைத்து வைத்திருக்கிறது. ஆயிரமாவது ஆளாக நக்கீரரும் வழுவி உள்ளே வருகிறார். அந்தக் குகையில் வழுவாதவர் ஒருவரும் இல்லை. அங்கே உட்கார்ந்து பாடுகிறார், ஆயிரம் பேரும் மீள்கிறார்கள். பாட்டின் வகையைப் பாருங்கள். ஆற்றுப்படை என்றால், பெற்றவன் பெறாதவனை எதிரில் கண்டு, இன்ன இடத்துக்குப் போ, இப்படிப் போ என்று வழி சொல்வது. முருகனைச் சேர்வதற்கே ஏற்கெனவே போனவன் ஒருவனின் வார்த்தை வேண்டியிருக்கிறது. அதை முருகனுக்குக் குறைவாக யாரும் நினைத்ததில்லையே.

இந்தக் கூட்டங்கள் தொடங்கிய கதையும் கிட்டத்தட்ட இதுதான். 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், வேலையாக வந்த காரியம் தோற்றுப்போய் ஓட்டல் கூடத்தில் நிற்கிறார் பில் வில்சன். குடியை விட்டு ஐந்து மாதம்தான். ஒரு பக்கம் மதுக்கூடம், இன்னொரு பக்கம் தொலைபேசி. அவர் போன் செய்து தேடியது இன்னொரு குடிநோயாளியை, அவரோடு பேசினால்தான் தான் தப்பிப்போம் என்று. அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் என்ற அறுவை மருத்துவர். அவரும் அந்த ஜூனில் குடியை விட்டார். அதாவது வழி சொல்கிறவனுக்கும் கேட்கிறவன் தேவைப்படுகிறான். எனக்கு அதுவரை புரியாமல் இருந்த இடம் இது. அந்தப் பெரியவர் எனக்குப் புண்ணியம் செய்கிறார் என்று நினைத்திருந்தேன். "நீங்க வந்ததால இன்னிக்கு நான் குடிக்கல தம்பி" என்று அவர் சொன்னது மரியாதைப் பேச்சு இல்லை.

வந்தவர்கள் எல்லாரும் மீண்டுவிடுவதில்லை. நாலு வாரம் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஐந்தாவது வாரம் வரவில்லை. எனக்கு ஏழு மாசம் ஆகிறது. இந்த வருஷமும் மாலை போடுவேன், ஆனால் கழற்றும் அன்றைக்குக் கூட்டம் எங்கே என்று இப்போதே பார்த்து வைத்துவிட்டேன். மூத்தவரிடம் இதெல்லாம் இன்னும் சொல்லவில்லை.

போன வாரம் கூட்டத்துக்குச் சீக்கிரம் போய்விட்டேன். வாசலில் நிற்கும்போது ஒரு பைக் மெதுவாக வந்து, எட்டிப் பார்த்துவிட்டு, நிற்காமல் போனது. கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது. உள்ளே போகாமல் கேட் பக்கமே நின்றேன்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!