துக்கத்துக்கு மார்க் போடுகிறவர்கள்

மேற்கத்திய ராக் இசையைப் பற்றி எழுதுகிற விமர்சகர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஓர் இசைத்தட்டு வந்தால் அதைப் பற்றி நாலு பத்தி எழுதிவிட்டுக் கடைசியில் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார்கள். ஆடுவதற்கான பாட்டுக்குப் போடட்டும், சண்டையில்லை. ஒருத்தன் தன் துக்கத்தை எடுத்துப் பாடினால் அதற்கு எப்படி மார்க் போடுவது? எட்டு என்றால் என்ன அர்த்தம்? இன்னும் ரெண்டு மார்க்குக்கு அழவேண்டியது பாக்கி என்றா? முதலில் கேலியாகத்தான் இந்தக் கேள்வி எனக்குள் வந்தது. யோசிக்க யோசிக்க அது நம்முடைய எழுத்தையும், அதை நாம் வரவேற்கிற விதத்தையும் தொடுகிற கேள்வியாகிவிட்டது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் தமிழ் படித்தவன். கிடாருக்கு எத்தனை கம்பி என்பதையே பிந்தித் தெரிந்துகொண்டவன். விடுதியில் கூட இருந்த தம்பி ஒருவர்தான் இந்த இசையை என் காதில் மாட்டிவிட்டார். "அண்ணே, இது சாவு மேளம் மாதிரி இருக்கும், கேளுங்க" என்றார். டூம் மெட்டல் என்று பெயர். டூம் என்றால் கேடு, ஊழ், தப்பிக்க முடியாத முடிவு. மெட்டல் என்றாலே காதைக் கிழிக்கிற வேகம் என்று நினைத்திருந்தேன். இது நேர்மாறு. ஒரு அடி விழுந்து அடுத்த அடி விழுவதற்குள் நாம் ஒருமுறை மூச்சு விட்டு இழுத்துவிடலாம். அந்த மந்தத்தின் மேலே, உறுமாமல் கத்தாமல், தெளிவான குரலில் மெட்டுக் கட்டிப் பாடுவது இதில் ஒரு பிரிவு.

அவர் கொடுத்தது 'வாட்சிங் ஃப்ரம் எ டிஸ்டன்ஸ்' என்கிற இசைத்தட்டு. 'தூரத்திலிருந்து பார்ப்பது' என்று பொருள். 2006 இல் வந்தது. செய்தவர்கள் இங்கிலாந்தைச் சேர்ந்த வார்னிங் என்ற குழுவினர். பாட்டும் கிடாரும் பாட்ரிக் வாக்கர். மொத்தம் 5 பாட்டு, சுமார் 50 நிமிடம். இந்த வகை இசைக்காரர்கள் வழக்கமாகப் பாடுகிற சூனியக்காரி, சுடுகாடு, மந்திரவாதி எதுவும் இதில் கிடையாது. பிரிவு, குற்றவுணர்வு, பக்கத்தில் இருந்தும் எட்டமுடியாமல் போன மனுஷர்கள், அவ்வளவுதான். பெரிய வியாபாரம் எதுவும் இதன் பின்னால் இல்லை. கேட்டவர் சொல்லிக் கேட்டவர் என்று காதுவழியாகவே பரவியது. குழு 2009 இல் கலைந்துவிட்டது. ஆனாலும் கேட்டவர்கள் விடவில்லை. 2017 இல் நெதர்லாந்தின் டில்பர்க் நகரில் நடக்கும் ரோட்பர்ன் விழாவில் அதே 5 பாட்டையும் வரிசையாக வாசிப்பதற்காக மறுபடி கூடினார்கள்.

இதைப் பாராட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றையே சொல்கிறார்கள். இதைவிடத் துக்கமான இசை இல்லை, இது வெறும் வலி, பச்சைக் காயம், இதயத்தைப் பிடுங்கி வைத்திருக்கிறான் மனுஷன் என்பார்கள். பிடிக்காதவர்களும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள். ஐந்து பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறது, ஒரே புலம்பல் என்பார்கள். ரெண்டு கட்சியும் எதிரெதிர் என்றுதான் நானும் நினைத்தேன். ரெண்டு பேருக்கும் இது தானாக வழிந்த கண்ணீர்தான். ஒருத்தருக்கு அது பிடிக்கிறது, ஒருத்தருக்குப் பிடிக்கவில்லை. உட்கார்ந்து ஒரு மனுஷன் செய்த வேலை என்று ரெண்டு பேரும் பார்க்கவில்லை.

இது புதுசாக நடப்பதில்லை. இந்த இசையின் ஆதியே அப்படித்தான். பர்மிங்ஹாம் நகரின் ஆஸ்டன் பகுதித் தொழிலாளர் வீட்டுப் பையன்கள் நாலு பேர் சேர்ந்தது பிளாக் சாபத் குழு. அதில் கிடார் வாசித்த டோனி அயோமி தகரப் பட்டறையில் வேலை பார்த்தவர். 17 வயதில் இயந்திரம் அவருடைய வலது கையின் ரெண்டு விரல் நுனியைப் பறித்துக்கொண்டது. இடதுகைக்காரர், அதனால் கம்பியை அழுத்தவேண்டிய கை அது. இனி வாசிக்க முடியாது என்றார்கள். மனுஷன் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார். அதன்மேல் தோல் ஒட்டினார். அழுத்தினால் வலிக்கிறதே என்று மெல்லிய கம்பிகளுக்கு மாறினார். 1971 இல் வந்த மூன்றாவது இசைத்தட்டில் கம்பிகளின் முறுக்கையே தளர்த்தினார். சுருதி கீழே இறங்கியது, ஓசை கனத்தது. அந்தக் கனத்திலிருந்து கிளைத்ததுதான் இன்றைய டூம் மெட்டல்.

அவர்களுடைய முதல் இசைத்தட்டு 1969 அக்டோபரில் ஒரே நாளில் பதிவாகி 1970 பிப்ரவரி 13 இல் வெளிவந்தது. ஜனங்கள் வாங்கினார்கள். பிரிட்டன் பட்டியலில் 8 ஆம் இடம்வரை ஏறியது. விமர்சகர்கள் காறித் துப்பினார்கள். அமெரிக்காவின் பெயர்பெற்ற விமர்சகர் லெஸ்டர் பேங்ஸ், அதே 1970 இல் ரோலிங் ஸ்டோன் இதழில், இன்னொரு குழுவின் மட்டமான நகல் என்கிற தொனியில் ஒதுக்கி எழுதினார். ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். அதே பேங்ஸ் 1972 இல் வேறொரு இதழில் இவர்களை நீளமாக எடுத்து எழுதி, இவர்கள் பாட்டில் ஓர் அறப் பார்வை இருக்கிறது என்று வாதாடினார். திரும்ப உட்கார்ந்து கேட்டிருக்கிறார். ஒரு விமர்சகனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கிறது?

எல்லாருக்கும் அப்படி அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. ஸ்வீடனைச் சேர்ந்த கேண்டில்மாஸ் குழு 1986 இல் தங்கள் முதல் இசைத்தட்டை வெளியிட்டபோது அது விற்கவில்லை. வெளியிட்ட நிறுவனம் கைகழுவிவிட்டது. அந்தத் தட்டு இன்றைக்கு டூம் மெட்டலின் மூலநூல் மாதிரி மதிக்கப்படுகிறது. பிந்தி வந்த பாராட்டு முந்தைய புறக்கணிப்பை அழித்துவிடுமா? அழிக்காது. பாராட்டுகிறவர்களுக்கு மனசு லேசாகிறது, அவ்வளவுதான்.

பர்மிங்ஹாம் தொழிலாளியும் சேரிக்காரனும் ஒண்ணு என்று நான் சொல்ல வரவில்லை. வர்க்கம் வேறு, சாதி வேறு. அயோமியின் விரல் போனபோது யாரும் அவரைத் தொட அஞ்சவில்லை. பாட்ரிக் வாக்கரின் துக்கம் ஒடுக்குமுறையின் துக்கமும் இல்லை. ஆனால் மதிப்பிடுகிறவர்கள் செய்கிற தவறின் வடிவம் எனக்குப் பழக்கமானது. தலித் எழுத்து வந்தபோது முதலில் என்ன சொன்னார்கள்? இது இலக்கியமா, வெறும் கூச்சல் என்றார்கள். பிறகு என்ன சொன்னார்கள்? ஆஹா, என்ன வலி, என்ன உண்மை என்றார்கள். கூச்சலுக்கும் கலை வேண்டாம், வலிக்கும் கலை வேண்டாம். ஆக, முதலில் வைதபோதும் பிறகு புகழ்ந்தபோதும், எழுதத் தெரிந்தவர்கள் என்ற ஒன்றை மட்டும் நமக்குத் தர மறுத்தார்கள்.

என் அனுபவம் ஒன்று. அம்மாவைப் பற்றி ஒரு சாட்சியம் எழுதி ஒரு கூட்டத்தில் வாசித்தேன். ஏழு தடவை திருத்தி எழுதியது. எந்த இடத்தில் அம்மா பேசாமல் இருக்கவேண்டும் என்பதற்காகவே ரெண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். வாசித்து முடித்ததும் மூத்த விமர்சகர் ஒருவர் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரத்தமும் சதையுமா இருக்கு தம்பி. ஒரு எழுத்துகூடத் திருத்திடாதீங்க. திருத்தினா கெட்டுப்போயிடும்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வைதிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கண்ணீருக்கு என்ன பதில் சொல்வது?

எங்க தாத்தா சாவுக்குப் பறை அடித்தவர். ஊர்ச் சாவுக்கு இனிமேல் போவதில்லை என்று எங்கள் தெரு முடிவெடுத்தது சரியான முடிவு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. அது சுமத்தப்பட்ட வேலை. ஆனால் தாத்தா அந்த வேலையைத் தெரிந்து செய்தார். வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சி, விரலால் சுண்டிச் சத்தம் பார்த்து, போதும் என்று தோன்றுகிறவரை விடமாட்டார். "வேகமா எந்தப் பயலும் அடிப்பான்டா. நிறுத்தி அடிக்கணும். அடுத்த அடிக்குக் கை துடிக்கும், அதை அடக்கணும்" என்பார். செத்தவர் யாரோ, தாத்தாவுக்கு உறவில்லை. அவர் அழவில்லை. அவர் அடித்ததில் வீடு அழுதது. வார்னிங் குழுவின் பாட்டில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் கிடக்கிற அந்த இடைவெளியைக் கேட்டபோது தாத்தாவின் கைதான் நினைவுக்கு வந்தது. அந்த மந்தத்தில் 50 நிமிடம் கை நழுவாமல் நிற்பது துக்கத்தால் மட்டும் முடியாது. பழக்கம் வேண்டும்.

இதற்கு ஒரு மறுப்பு வரும். எனக்குள்ளேயே வந்தது. "அப்படியானால் வலியை விட்டுவிட்டு நுட்பத்தை மட்டும் பேசச் சொல்கிறாயா? அசை பிரித்து, அணி எண்ணி, உள்ளே இருக்கிற மனுஷனைக் காணாமல் அடித்தது பண்டிதர்கள்தானே?" நியாயமான கேள்வி. வலியைத் தள்ளிவைத்துவிட்டு வடிவத்தைப் பேசுவது இன்னொரு வகைத் தப்பித்தல். அயோமியின் கதை இங்கே உதவுகிறது. விரல் போனதால்தான் அவர் மேதை ஆனார் என்பது பொய். பட்டறைகளில் எத்தனையோ பேருக்கு விரல் போயிருக்கிறது. விரல் போனதற்கும் இசைக்கும் சம்பந்தமில்லை என்பதும் பொய். காயத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார் என்பதில்தான் ரெண்டும் சேர்கிறது. அந்தப் பாட்டிலையும் தோலையும் தளர்த்திய கம்பியையும் பார்க்காதவருக்கு அவருடைய வலியும் தெரியாது.

மார்க் விஷயத்துக்கு வருகிறேன். ஒருத்தருடைய துக்கத்துக்கு மார்க் போட யாருக்கும் உரிமை கிடையாது. அவர் செய்து முன்னால் வைத்த பொருளை மதிப்பிடலாம். மதிப்பிடவும் வேண்டும். இந்த இடம் தொய்கிறது, இந்த இடம் நிற்கிறது என்று சொல்வதுதான் சக தொழிலாளிக்குத் தருகிற மரியாதை. புலம்பல் என்று தள்ளுவதும் பச்சை வலி என்று கும்பிடுவதும் அந்த மரியாதையைத் தராமல் தப்புகிற வழிகள். ரெண்டும் தூரத்திலிருந்து பார்ப்பதுதான்.

போன மாதம் எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் கல்லூரிப் பெண் ஒருவர் தன் பாட்டியைப் பற்றி எழுதியதை வாசித்தார். முடித்ததும் எல்லோருக்கும் தொண்டை அடைத்துக்கொண்டது. யாரோ "ஐயோ, என்ன வலி" என்று ஆரம்பித்தார். நான் குறுக்கே புகுந்து, "இதுல எதையெல்லாம்மா வெட்டினே?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் திகைத்தார். பிறகு முகம் மலர்ந்து, நோட்டைப் பின்னால் புரட்டி, அடித்துவிட்ட பக்கங்களைக் காட்டி ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். கூட்டம் முடிய ராத்திரி ஒன்பதரை ஆகிவிட்டது.