அழித்ததை மீட்கலாமா?

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பணியாற்றிய காலத்தில் நாம் ஒரு விதியைக் கண்டிப்புடன் கற்பித்து வந்தோம். மாணவன் பிழையாக எழுதியதை ரப்பரால் தேய்த்துவிடலாகாது. ஒரே கோடாக அடித்துவிட்டு, அருகில் திருத்தி எழுத வேண்டும். பிள்ளை எவ்விடத்தில் வழி தவறினான் என்பதை அக்கோட்டின் அடியில் ஆசிரியர் காணலாம் அன்றோ? சிலேட்டில் எழுதியதோ எச்சில் தொட்டுத் துடைத்ததும் போயிற்று; அதுகுறித்து எவரும் வருந்தியதில்லை.

இன்று பள்ளிகள் பல கணினிக் குறிப்பேட்டைக் கையாள்கின்றன. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2014-ஆம் ஆண்டு வெளியிட்ட ஒன்நோட் வகுப்புக் குறிப்பேடு அவற்றுள் ஒன்று. அதில் ஒவ்வொரு மாணவனுக்கும் தனிப் பகுதி உண்டு. உடன்பயில்வோர் அதைக் காண இயலாது, ஆசிரியர் காணலாம். யாவரும் கூடி எழுதும் பொதுப் பகுதியும் உண்டு. நீக்கிய பக்கம் உடனே மறைவதில்லை; குறிப்பேட்டின் குப்பைத்தொட்டியில் 60 நாள் கிடக்கும். ஒரு பக்கத்தை மாற்றி எழுதியிருப்பின் அதன் முந்தைய வடிவங்களையும் திறந்து பார்க்கலாம்.

பொதுப் பகுதியில் ஒருவன் எழுதியதை மற்றொருவன் நீக்கிவிடுவதுண்டு. அதை மீட்டுக் கொடுத்தல் ஆசிரியரின் கடமை, ஆராய ஒன்றுமில்லை. பிள்ளை தானே அழித்ததுதான் சிக்கல்.

ஆசிரியையாக உள்ள நம் பேத்தி சென்ற ஆண்டு ஒரு செய்தி கூறினாள். 'என் இல்லம்' என்னும் கட்டுரையை ஒரு மாணவி நான்கே வரியில் முடித்திருந்தாள். எழுதியது ஏதேனும் தவறிப் போயிற்றோ என்று இவள் முந்தைய வடிவத்தைத் திறந்தாள். தந்தை குடித்துவிட்டு வரும் இரவுகளைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது.

"படித்தது குற்றமா, பாட்டி?" என்றாள்.

நாம் உடனே விடை கூறவில்லை. தொலைந்ததைத் தேடப் போனவள் மறைத்ததைக் கண்டாள், தேடியதில் குற்றமில்லை. ஆயினும் அப்பெண் அழித்தது பிழையை அன்று. சொல்ல நினைத்து, பின் வேண்டாமென்று விட்டதை அழித்தாள். கொடாததை எடுத்தல் பொன்னுக்கும் பொருளுக்கும் மட்டுமே உரிய குற்றமா? அப்பக்கத்தை மீட்டு ஏட்டில் வைத்தலும், ஆசிரியர் அறையில் பேசுதலும் தகா என்றோம். கண்டும் காணாதவள்போல் இருத்தலும் தகாது. அடி உதை நேர்வதாகத் தெரிந்தால் 1098 என்னும் குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. அப்போது மறைவைக் காத்தல் அறமாகாது. முதலில் அம்மாணவியைத் தனியே அழைத்து, 'பழைய வடிவத்தைத் திறந்தேன், படித்துவிட்டேன்' என்று மெய்யைச் சொல்லச் சொன்னோம். அழித்தது அழியவில்லை என்பதை அவ்வகுப்புப் பிள்ளைகளுக்கு யாரும் கூறியிருக்கவில்லை. நமக்கு அதுவே பெருங்குறையாகத் தோன்றிற்று. ரப்பரை விலக்கிய நாமும் அன்று எப்பிள்ளையின் சம்மதத்தையும் கேட்டதில்லை.

மறுநாள் பேத்தி பேசினாள். அப்பெண் வெகுநேரம் தலைகுனிந்து நின்று, "அப்பா இப்போது குடிப்பதில்லை டீச்சர், அதனால்தான் அழித்தேன்" என்றாளாம். அது மெய்யோ, தந்தையைக் காக்கச் சொன்னதோ, பேத்திக்குத் தெரியவில்லை. நாள்தோறும் அவளிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டே வகுப்பைத் தொடங்குகிறாள்.