வார்ப்பும் அடிப்பும்

மனிதன் பிறப்பென்னும் அச்சில் வார்க்கப்பட்டவன், மாறான் என்பார் உளர். ஆலையில் நாம் கண்டது வேறு. தறியின் சட்டம் வார்ப்பிரும்பு. அதிர்வை உள்வாங்கும், ஆயின் சம்மட்டி கொண்டு ஓங்கியடித்தால் பிளந்துவிடும். கரி அதனுள் தகடு தகடாகப் படிந்திருப்பதே காரணம். பிளந்த துண்டும் வீணன்று. உலையிலிட்டு உருக்கினால் வேறோர் அச்சுக்கு வரும்.

அடித்துச் செய்வதற்குச் சான்று டில்லி இரும்புத் தூண். ஏறத்தாழ 1,600 ஆண்டுகட்கு முன், காய்ச்சிய இரும்புக் கட்டிகளை அடித்தடித்து ஒன்றாக்கினர். அங்ஙனமாயின் மனிதனைத் திருத்துவதும் அடிதானோ? அன்று. சிவக்கக் காய்ந்த இரும்பே அடிக்கு இணங்கும். ஆறியபின் அடித்தால் வெடிப்புக் காணும். வார்ப்பிற்கும் அடிப்பிற்கும் முதலில் வேண்டுவது வெம்மையே.

அன்பின் வெம்மை சிறிதும் காட்டாது இளந்தொழிலாளி ஒருவனை நாம் பலர்முன் கடிந்தோம். மறுநாள் அவன் வேலைக்கு வரவில்லை.