பதினெட்டு விநாடி

சென்ற ஆண்டு என் ரோடு பைக்குக்கு ஒரு ஜோடி கார்பன் வீல் வாங்கினேன். விலை 4,200 ரிங்கிட். வீட்டில் 1,200 என்று சொன்னேன். "வீலுக்கா இவ்வளவு?" என்றாள் மனைவி. "கொடுத்த காசுக்குத் தகும்மா" என்றேன். அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது.

என்னிடம் கணக்கு இருந்தது. பைக்கோடு வந்த அலுமினிய வீல்கள் 1,900 கிராம், புதியவை 1,500. மிச்சம் 400 கிராம். நானும் பைக்கும் சேர்ந்து 80 கிலோ. ஆக, அரை விழுக்காடு. கோம்பாக்கிலிருந்து கெந்திங் செம்பாவுக்கு ஏறும் பழைய சாலையில் எனக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். ஏற்றத்தில் நேரம் ஏறக்குறைய எடையை ஒட்டியே கூடும், குறையும். எனவே மிச்சமாவது 18 விநாடி. சமதரையில் காற்றைக் கிழிக்கும் என்பார்கள். ஆனால் காற்றுத் தடையில் பெரும்பங்கு ஓட்டுகிறவனின் உடம்பால் வருவது. முதுகைக் கொஞ்சம் தாழ்த்தினால் அதைவிட அதிக லாபம், அதுவும் காசில்லாமல்.

கடைக்கார சீன அங்கிள் அன்றே மலாயில் சொன்னார்: "ரேஸ் ஓடுறியா? இல்லன்னா நல்ல டயர் மாத்து, போதும். ஹப் பேரிங் ஸ்மூத்தா சுத்தணும். ஸ்போக் உடைஞ்சா எந்தக் கடையிலயும் கிடைக்கணும். அதுதான் நல்ல வீல்." விற்கிறவர் வேண்டாம் என்றார். வாங்குகிறவன் கேட்கவில்லை.

1776இல் ஆடம் ஸ்மித் ஒரு பொருளுக்குப் பயன் மதிப்பு, பரிமாற்ற மதிப்பு என இரண்டு உண்டு என்று பிரித்தார். தண்ணீரைவிடப் பயனுள்ளது எதுவுமில்லை, ஆனால் அதைக் கொடுத்து ஒன்றும் வாங்க முடியாது, வைரம் நேர்மாறு. ஞாயிற்றுக்கிழமை மாமாக் கடைச் சுவரில் பைக்குகளைச் சாய்த்துவிட்டு தே தாரிக் குடிக்கும்போது எல்லார் கண்ணும் முதலில் வீலுக்குத்தான் போகும். நான் வாங்கியது அந்தப் பார்வையை. அதைத் தவறென்று சொல்லமாட்டேன். அழகுக்குச் செலவழிக்க மனிதனுக்கு உரிமை உண்டு.

தவறு வேறிடத்தில் இருந்தது. அதே மாதம் அவள் பல்லுக்கு கேப் போடுவதைத் தள்ளிப்போட்டாள். "இப்பதான வீல் வாங்குனீங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். 1,200 என்று நம்பியே அவள் வலியோடு காத்திருந்தாள். தகும், தகாது என்பது ஒருவன் தனியாகச் சொல்லும் தீர்ப்பு அல்ல. காசு இருவருடையது என்றால் எடைபோடுவதும் இருவர் வேலை. பொய் விலை சொன்னபோது அவள் கையிலிருந்த தராசை நான் பிடுங்கிக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து உண்மையைச் சொன்னேன். கணக்கையும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "அந்த 18 விநாடில என்ன பண்றீங்க?" என்று மட்டும் கேட்டாள். பதில் இல்லை.

இப்போது பல் சரியாகிவிட்டது. வீல்களும் பைக்கில்தான் இருக்கின்றன. விற்றால் பாதி விலைகூட வராது. நல்ல விலையில் எந்த வீல் வாங்கலாம் என்று நண்பர்கள் கேட்டால், எடையையும் ரிம்மின் உயரத்தையும் பிறகு பேசுகிறேன். முதலில் கேட்பது இதைத்தான்: "வீட்டுல விலையைச் சொல்லிட்டியா?"