ஆட்சிக்கான ஆணையும் யாப்புக்கான இசைவும்

1970 மே தேர்தலில் இலங்கையின் ஐக்கிய முன்னணி பெற்ற வாக்குகள் பாதிக்குச் சற்றுக் குறைவு. ஆனாலும் தேர்ந்தெடுக்கப்படும் 151 இடங்களில் 116 அதன் வசமாயின. புதிய அரசியல் யாப்பு எழுதுவோம் என்று சொல்லித்தான் அது வாக்குக் கேட்டிருந்தது. அந்த ஆணை எதுவரை செல்லும்?

ஆளும் தரப்பின் நியாயம் லேசானதல்ல. அன்றிருந்த சோல்பரி யாப்பு பிரித்தானிய முடியின் கட்டளையாக வந்தது. தங்கள் அடிப்படைச் சட்டத்தைத் தாங்களே எழுத ஒரு நாட்டு மக்கள் விரும்பினால் அதில் குறை காண முடியாது. அதற்காகவே உறுப்பினர்கள் நாடாளுமன்றக் கட்டடத்தை விட்டு, கொழும்பு நவரங்கஹலவில் அரசியல் நிர்ணய சபையாகக் கூடினார்கள். தமிழரசுக் கட்சியும் வந்து அமர்ந்தது. கூட்டாட்சி கேட்டுத் தோற்ற பிறகும் அது எழுந்து போகவில்லை. தமிழ் மொழிக்காகக் கொண்டுவந்த திருத்தங்களும் தள்ளப்பட்ட பின்னரே, 1971 ஜூனில் வெளியேறியது.

அந்த வெளியேற்றம் வேலையை நிறுத்தவில்லை; நிறுத்தியிருக்க வேண்டும். 1972 மே 22 அன்று நடப்புக்கு வந்த யாப்பு சிங்களத்தை அரச கரும மொழியாக்கியது; பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்தது. எந்த இனத்துக்கோ மதத்துக்கோ பாதகமாகச் சட்டம் இயற்றலாகாது என்று தடுத்த பழைய 29ஆம் பிரிவு அதில் இல்லை. அடிப்படை உரிமைகள் எழுதப்பட்டிருந்தன, உண்மைதான். ஆனால் நிறைவேறிய சட்டத்தைச் செல்லாது என்று சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இல்லை.

இந்த யாப்புப் பணியை முன்னின்று நடத்திய அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா. ஒரே மொழி என்று பிடிவாதம் பிடித்தால் நாடு இரண்டாகும் என 1956இல் எச்சரித்தவரும் அவரே. விளைவு தெரியாமல் செய்தார்கள் என்று சொல்ல வழியில்லாதது வேதனை தருகிறது.

சிறுபான்மை ஒப்பும்வரை காத்திருந்தால், சிலர் நினைத்தால் எதையும் முடக்கலாமே என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வி. ஒவ்வொரு வரியிலும் தடுப்புரிமை கேட்பது அறமாகாது. ஆனால் ஆளும் கட்சியை அடுத்த தேர்தலில் மாற்றலாம். யாப்பில் தோற்ற ஒரு சிறுபான்மை, எத்தனை தேர்தல் வந்தாலும் அந்தத் தோல்வியைத் தன் வாக்கால் மாற்ற முடியாது. ஆகவே அவர்களுக்கிருந்த காப்பை எடுப்பவர்கள், அதற்கு ஈடாக அவர்கள் ஏற்கும் ஒன்றைத் தரக் கடமைப்பட்டவர்கள். தென்னாப்பிரிக்காவில் புதிய யாப்புக்கான 34 கோட்பாடுகளை முன்கூட்டியே பேசி உடன்பட்டார்கள். அவற்றோடு முழுமையாகப் பொருந்தவில்லை என்று 1996 செப்டம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் வரைவைத் திருப்பியனுப்பியது. பெரும்பான்மை பணிந்து திருத்தியது.

இலங்கையில் இசைவைக் கேட்க ஒரு வாய்ப்பைத் தமிழர் தரப்பே உண்டாக்கியது. தமிழரசுக் கட்சியின் செல்வநாயகம் 1972 அக்டோபரில் காங்கேசன்துறைத் தொகுதியைத் துறந்து, இந்த யாப்பைத் தமிழர் ஏற்கிறார்களா என்று இடைத்தேர்தலில் கேட்போம் என்றார். அரசு அந்தத் தேர்தலை 1975 பெப்ரவரி வரை இழுத்தடித்தது. அவர் பெரும் வித்தியாசத்தில் வென்றார். அதற்குப் பிறகும் மொழிப் பிரிவை மறுபடி பேச அரசு முன்வரவில்லை.