நானே செய்தேன்

ஒரு பொருளைக் காட்டி, 'இதை நானே செய்தேன்' என்று எப்போது சொல்லலாம்? கவிதை எழுதுகிறவளாக இந்தக் கேள்வியை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அண்ணன் மகளின் கித்தாருக்காக ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர் செய்து முடித்தபோது அது என்னைப் பிடித்துக்கொண்டது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய காயலாங்கடை ஒன்றில் பழைய வால்வு ரேடியோவின் சேசிஸ் கிடைத்தது. டிரான்ஸ்ஃபார்மர்களை உடைத்துச் செம்புக் கம்பியைப் பிரித்துக்கொண்டிருந்த அக்கா, அதைக் கையில் தூக்கிப் பார்த்தே எடை சொன்னார். "காப்பர் ஜாஸ்தி இருக்கு மேடம், வெல கூட ஆகும்." தராசும் அதையேதான் சொன்னது. ரேடியோவிலிருந்து இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களும் ஈ.எல்.84 என்ற வால்வும் தேறின. ஈ.சி.சி.83 வால்வையும் புதிய கெப்பாசிட்டர்களையும் ரிச்சி தெருவில் வாங்கினேன். அங்கே ஒரு கடைக்காரர், "சாரை வரச் சொல்லுங்க, அவருக்குச் சொன்னா புரியும்" என்றார். சார் யாரும் இல்லை என்று சொல்லிவிட்டுப் பட்டியலை நீட்டினேன்.

வால்வின் வேலை எளிமையானது. சூடேறிய கேத்தோடிலிருந்து எலெக்ட்ரான்கள் பிளேட்டை நோக்கிப் பாய்கின்றன. இடையில் மெல்லிய கம்பியைச் சுற்றிச் செய்த கிரிட் நிற்கிறது. கித்தார் தந்தியின் மிகச் சிறிய மின்னதிர்வு கிரிட்டுக்கு வந்ததும், பெரிய ஓட்டம் அதற்கேற்ப ஏறி இறங்குகிறது. ஆனால் உள்ளே ஓடுவது 250 வோல்ட்டுக்கு மேல். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் உயிரெடுக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். அதை ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். மூன்று மாத மாலைகள் ஆயின. சுமார் 5 வாட் ஒலி வந்தது. "நீங்களே செஞ்சீங்களா?" என்று வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

அந்த 'ஆமாம்' எவ்வளவு உண்மை? இங்கிலாந்தின் பிளாக்பர்னில் இருந்த முல்லார்டு ஆலையில், வால்வுக்குள் போகும் நுண்ணிய பாகங்களை இடுக்கியால் பிடித்துக் கோத்தவர்கள் பெண்கள். கித்தார் உலகம் கொண்டாடும் ஃபெண்டர் ஆம்ப்ளிஃபயர்களுக்கு, 1950களில் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் கம்பி இணைத்துப் பற்றவைத்தவர்களும் பெண்களே. இன்று அந்தப் பெட்டிகளைத் திறப்பவர்கள் உள்ளே ஒரு காகித நாடாவைப் பார்க்கிறார்கள். அதில் 'லில்லி' என்றோ வேறொரு பெண்ணின் பெயரோ பேனாவால் எழுதியிருக்கும். 1956இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த அபிகெயில் இபாரா, கித்தாரின் பிக்அப்புகளுக்குக் கம்பி சுற்றினார். பல பத்தாண்டுகள் கழித்து அவர் சுற்றியவை அவர் பெயரைச் சொல்லியே கூடுதல் விலைக்கு விற்றன. சுற்றிய கை அதே கைதான். பெயர் இல்லாதபோது அது கூலி வேலை. பெயர் வந்ததும் கலை.

டயான் எல்சன், ரூத் பியர்சன் இருவரும் 1981இல் எழுதிய கட்டுரை ஒன்று இதை அவிழ்க்கிறது. பெண்களின் விரல்கள் இயல்பிலேயே நுட்பமானவை என்று ஆலைகள் சொல்கின்றன. அந்த நுட்பம் பிறவியில் வந்ததல்ல, வீட்டில் தையல் போன்ற வேலைகளில் பழகிப் பழகி வந்தது. வீட்டுக்குள் நடந்த பயிற்சி என்பதால் அது பயிற்சியாகக் கணக்கில் வரவில்லை, கூலியும் உயரவில்லை என்கிறார்கள் அவர்கள். தமிழில் நமக்கு 'கைப்பக்குவம்' என்ற அழகிய சொல் இருக்கிறது. அம்மாவின் குழம்புக்கு அதைத் தருகிறோம். அதே அளவு கவனம் ஆணின் பட்டறையில் இருந்தால் 'தொழில்நுட்பம்' என்கிறோம். பாராட்டிக்கொண்டே கற்றலை மறைக்கும் சொல் அது.

இது எங்கோ நடந்த கதை மட்டுமல்ல. திருவள்ளூர் மாவட்டத்தில், பூந்தமல்லி அருகே விடுதியில் தங்கி ஃபாக்ஸ்கான் ஆலைக்குப் போய்வந்த பெண்கள், 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்றார்கள். சக தொழிலாளிகள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். கைப்பேசிக்குள் இத்தனை கைகள் இருப்பதைப் பலர் அன்றுதான் கவனித்தார்கள்.

அப்படியானால் 'நானே' என்பது பொய்யா? தனியாகச் செய்தவர் எவருமில்லை, இதிலென்ன அநீதி என்று கேட்கலாம். நான் எழுதும் சொற்களும் நான் உண்டாக்கியவை அல்ல. உண்மைதான். ஆனால் எனக்கும் ஆலைப் பெண்ணுக்கும் உள்ள வேறுபாடு கைகளின் எண்ணிக்கையில் இல்லை. என் மேசையில் முழு வரைபடமும் இருந்தது. வேலையை நிறுத்த, அளந்து பார்க்க, ஏன் என்று கேட்க எனக்கு நேரம் இருந்தது.

என் மாணவி ஒருத்தி ஒரு ஆலையில் ஆறு மாதம் பற்றவைப்பு வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவள். என்னைவிடச் சுத்தமாக ஈயம் வைப்பாள். தான் செய்த பலகை எந்த எந்திரத்துக்குள் போனது என்று அவளுக்குத் தெரியாது. வரைபடத்தை அவள் முன் விரித்தேன். ஒரு கோட்டின் மீது விரலை ஓட்டிக்கொண்டே போய், "இதுக்கு அப்புறம் இது எங்கம்மா போகுது?" என்றாள். இந்தக் கேள்விக்கு அந்த ஆறு மாதத்தில் இடமே இருந்ததில்லை.

செய்தல் என்பதை நான் இப்போது இப்படிப் புரிந்துகொள்கிறேன்: கை பட்டால் மட்டும் போதாது, முழுமையை அறியும் உரிமையும் வேண்டும். அந்த உரிமை உள்ளவர்களே 'நானே' என்கிறோம். அது இல்லாதவர்களின் வேலை நம் பெயருக்குள் கரைகிறது. இந்தக் கடன் நன்றி சொல்லித் தீராது, பெயர் எழுதி ஒட்டியும் தீராது. கூலி உயர வேண்டும், வேலையின் வரைபடம் அவர்கள் கைக்கும் வர வேண்டும். அதுவரை நம்முடைய 'நானே' அரைகுறை உண்மையாகத்தான் இருக்கும்.