வேதாகம மாந்தரும் நாவலாசிரியரின் கற்பனையும்

கேள்வி: வேதத்தோடு ஒன்றையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்ற எச்சரிக்கை இருக்க, வேதாகம மாந்தரை வைத்துச் சரித்திர நாவல் எழுதுவது முறையாகுமா?

பதில்: அந்த எச்சரிக்கை உபாகமம் 4ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலருக்கு அளிக்கப்பட்ட கட்டளைகளையும், வெளிப்படுத்தின விசேஷம் 22ஆம் அதிகாரத்தில் அந்தத் தீர்க்கதரிசன நூலையும் குறித்துக் கூறப்பட்டதேயன்றி, வரலாற்றைக் கதையாக எடுத்துரைப்பதை விலக்குவதற்காகக் கூறப்பட்டதன்று. வேதாகமமே தன் வரலாற்றில் ஒரு பகுதியை இருமுறை சொல்கிறது. ரப்பா நகரைப் படைத்தலைவன் யோவாப் முற்றுகையிட்டபோது தாவீது எருசலேமில் தங்கிவிட்டதைக் கூறும் 2 சாமுவேல் 11ஆம் அதிகாரம், பத்சேபாளிடம் அவன் செய்த பாவத்தையும் அவள் கணவன் உரியா கொல்லப்பட்டதையும் மறைக்காமல் விவரிக்கிறது. காலத்தால் பிந்திய 1 நாளாகமம் 20ஆம் அதிகாரமோ அதே முற்றுகையை, தாவீது எருசலேமில் இருந்த செய்தியோடு தொடங்கியும், பத்சேபாளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் முடித்துவிடுகிறது. ஜனத்தொகை எடுக்கும்படி தாவீதை ஏவியது கர்த்தருடைய கோபம் என்று முந்தைய நூலும், சாத்தான் என்று பிந்தைய நூலும் உரைக்கின்றன. ஆகவே ஒரே நிகழ்ச்சியை வேறொரு தலைமுறைக்கு வேறொரு நோக்கில் சொல்வது வேதத்துக்கு அந்நியமானதன்று. எனினும் அவ்விரு நூல்களும் வேதமாக ஏற்கப்பட்டவை, நாவல் அவ்வாறு ஏற்கப்பட்டதன்று என்னும் வேறுபாட்டை எழுதுவோரும் படிப்போரும் மறத்தலாகாது.

கேள்வி: அப்படியானால் நாவலாசிரியரின் கற்பனைக்கு எல்லை எது?

பதில்: வேதம் மௌனமாக இருக்கும் இடத்தை நிரப்புவது வேறு, வேதம் தெளிவாகக் கூறியதை மாற்றுவது வேறு என்பதே அந்த எல்லை. யாக்கோபின் மகள் தீனாளின் கதை இதற்குத் தக்க சான்றாகும். ஆதியாகமம் 34ஆம் அதிகாரத்தில், அந்நாட்டுப் பெண்களைப் பார்க்கப் புறப்பட்ட தீனாளைச் சீகேம் என்னும் இளவரசன் பிடித்துத் தீட்டுப்படுத்துகிறான். பின்னர் அவள்மேல் காதல்கொண்டு மணம் பேசுகிறான். தீனாளின் சகோதரர் விதித்த நிபந்தனைப்படி அவ்வூர் ஆண்கள் விருத்தசேதனம் செய்துகொண்டு மூன்றாம் நாளில் நோவோடு கிடக்கையில், அச்சகோதரரில் சிமியோனும் லேவியும் பட்டயத்தோடு வந்து அவர்களைக் கொன்றுபோடுகிறார்கள். தகப்பனும் சகோதரரும் சீகேமின் தந்தை ஏமோரும் சீகேமும் பேசும் அந்த 31 வசனங்களில் தீனாள் வாய்திறந்து ஒரு வார்த்தையும் பேசுவதில்லை.

அமெரிக்க எழுத்தாளர் அனிட்டா டயமண்ட் 1997இல் வெளியிட்ட ‘சிவப்புக் கூடாரம்’ என்ற பொருளுடைய தலைப்பைக் கொண்ட ஆங்கில நாவல், அந்தத் தீனாளையே கதைசொல்லியாக்குகிறது. மாதவிலக்கின்போதும் பிரசவத்தின்போதும் பெண்கள் கூடும் கூடாரமும், எகிப்தில் தீனாள் மருத்துவச்சியாக வாழ்வதும் ஆசிரியரின் கற்பனைகள்; யாக்கோபின் குடும்பத்தோடு எகிப்துக்குப் போனவர்களின் கணக்கில் அவள் பெயரைக் குறிப்பதோடு ஆதியாகமம் நின்றுவிடுவதால், அவை மௌனத்தை நிரப்பும் கற்பனைகளே. எபிரேய வேதத்தின் இடைவெளிகளை விளக்கக் கதைகளால் நிரப்பிய யூத ரபீக்களின் உரைமரபாகிய மித்ராஷும் இத்தகைய உரிமையை எடுத்துக்கொண்டதுண்டு. ஆனால் தீட்டுப்படுத்தப்பட்டாள் என்று மூலம் கூறும் நிகழ்ச்சியை அந்த நாவல் இருவரும் விரும்பிய காதலாக மாற்றுவது மௌனத்தை நிரப்புவது ஆகாது. அது மூலத்தோடு வாதிடுவதாகும். இலக்கியம் வாதிடலாம் எனினும், அந்த வாதத்தைத் தீனாளின் வரலாறாக எடுத்துக்கொள்வதற்கு இடமில்லை.

கேள்வி: இத்தகைய கற்பனைகள் விசுவாசத்தைக் கெடுக்காவா?

பதில்: கற்பனை என்று அறிந்து படிக்கும்வரை கெடுப்பதில்லை, அறியாமல் நம்பும்போதே குழப்பம் நேர்கிறது. குழந்தை இயேசுவைக் காண வந்த சாஸ்திரிகள் மூவர் என்று மத்தேயு எழுதவில்லை. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்றாக இருந்ததால் ஆட்களும் மூவராயினர், பின்னர் அவர்கள் ராஜாக்களும் ஆயினர். கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கப்படும் மாடும் கழுதையும் லூக்காவின் பிறப்புச் செய்தியில் இல்லை.

கற்பனை என்று அறிந்தே போற்றப்படும் படைப்புக்குத் தமிழிலும் உயர்ந்த முன்மாதிரி உண்டு. சுவிசேஷங்களில் ஒரு வார்த்தையும் பேசாத, மரியாளின் கணவராகிய சூசையப்பரை வளன் என்னும் பெயரால் காவியத்தலைவராக்கி, வீரமாமுனிவர் 1726இல் 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியை முடித்தார்; நாட்டுப் படலம், நகரப் படலம் என்று தமிழ்க் காப்பிய முறைப்படியே தொடங்கும் அந்நூல், யூதேயாவைத் தமிழ் வயல்களின் வளத்தோடு காட்டுகிறது. அதனைக் காவியமாகப் போற்றுவோர் அதற்காகச் சுவிசேஷத்தைக் கைவிடுவதில்லை.

ஆகவே இவ்வகை நாவல்களைப் படிக்க விரும்புவோர் முதலில் உரிய வேதபகுதியை முழுமையாக வாசித்து, அங்கே சொல்லப்பட்டது எது, சொல்லப்படாதது எது என்று குறித்துக்கொண்டு, அதன் பின்னரே நாவலை எடுப்பது நலம்.